பெட்டிக்கு அடியில் ஒரு நாடு

ஆகஸ்ட் 3

இன்று ஆடிப் பதினெட்டு. சிவகாசியில் அடுத்த வருஷம் இன்றைக்கே பிறந்துவிட்டது. புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பங்களை அடுக்கி வைத்துப் பூஜை போட்டார்கள். முதலாளி தேங்காய் உடைத்து ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தும் இரண்டு கொடுத்தார். என்மேல் அவ்வளவு பிரியம், அல்லது அவ்வளவு வெறுப்பு.

இந்த டைரி எங்கள் அச்சகத்துக் கழிவு. ஜூலை மாதம் முழுக்கத் தலைகீழாக பைண்ட் ஆகியிருக்கிறது. டாக்டர்தான் எழுதச் சொன்னார். "கோவம் வந்தா கத்தாதீங்க, ஒரு நோட்டுல எழுதுங்க. பிரஷர் இறங்கும்" என்றார். எழுத உட்கார்ந்தேன், பேனா எழுதவில்லை. பிரஷர் ஏறிவிட்டது.

இந்த அச்சகத்தில் பூகோளம் படித்த ஒரே ஆள் நான். சோலையப்பன் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு உலகப் படமும் வெளியே போகாது. ஆனால் சோலையப்பன் பார்த்ததை வேறு யாரும் பார்ப்பதில்லை. சுவரில் ஆணி அடித்து மாட்டுவதோடு உலகம் முடிந்தது.

சேலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் குழுமம் புதிதாக ஒரு சுவர்ப்படம் கேட்டிருக்கிறதாம். உலகத் தீவு நாடுகள் அத்தனையும் ஒரே தாளில். போட்டித் தேர்வுகளில் அந்தக் கேள்விதான் அதிகம் வருகிறதாம். "அண்ணாச்சி, உங்களுக்குன்னே வந்த வேலை" என்றார் முதலாளி.

முதலாளியின் வீட்டம்மா வழக்கம்போலக் கேட்டார்கள்: "மக சிங்கப்பூர்ல எப்படி இருக்கா?"

நன்றாக இருக்கிறாள் என்றேன்.

ஆகஸ்ட் 5

வான்மதி சிங்கப்பூரில் இல்லை. இதை இங்கே எழுதுவதில் பாதகமில்லை, என் கையெழுத்தை எனக்கே படிக்க வராது. அவள் இருக்கும் இடமும் தீவு நாடு, சிங்கப்பூரும் தீவு நாடு. ஆகவே நான் ஊரில் சொல்லி வைத்திருப்பது முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

காலையில் இட்லியை வைத்துவிட்டுத் தங்கக்கனி எதிரில் உட்கார்ந்தாள். என் மனைவி எதிரில் உட்கார்ந்தால் விவகாரம்.

"மதிக்கு ஏழாம் மாசம்."

நான் செய்தித்தாளைத் திருப்பினேன்.

"தலைப்பிரசவம். இங்க கூட்டியார முடியாதாம். நான் போறேன்."

"உனக்கு மதுரையில பஸ் மாறத் தெரியாது."

"பிளேனுல அவுகளே மாத்தி விடுவாகளாம். பாஸ்போட்டு எடுத்துட்டேன். உங்களுக்கும் நவம்பர்ல டிக்கெட் போடுறேன்னு சொல்றா. வாரீகளா, இல்லையா?"

"அப்படி ஒரு நாடே கிடையாது" என்றேன்.

"மூணு வருசத்துக்கு முன்ன கல்யாணத்துக்கு அவ போன்ல சம்மதம் கேட்டப்பவும் இதைத்தான் சொன்னீக. இருக்கா இல்லையான்னு நான் போய்ப் பாத்துக்கிடுதேன். நீங்க வராட்டி நானும் இப்போதைக்குத் திரும்ப மாட்டேன். பேரப்புள்ள நடக்கற வரைக்கும் அங்கதான்."

இட்லி ஆறிவிட்டது. இப்படி ஒரு அநியாயம் எந்தச் சம்சாரமாவது செய்வாளா?

ஆகஸ்ட் 6

உப்புமா. பேச்சு இல்லை. உப்பும் இல்லை.

ஆகஸ்ட் 17

தீவு நாடு எது என்று முடிவு செய்வதே பெரும்பாடாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சுற்றிலும் கடல். ஆனால் அது கண்டமாம், தீவு இல்லையாம். வீடு பெரிதாகிவிட்டால் மஹால் என்கிறார்களே, அந்த மாதிரி. பஹ்ரைனுக்குப் பாலம் போட்டாயிற்று, காரில் போகலாம், இன்னும் தீவு என்கிறார்கள். ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் ஒரே தீவில் நடுவே கோடு கிழித்துக்கொண்டு இருக்கின்றன, சொத்துப் பிரித்த அண்ணன் தம்பி வீடு போல. துவாலு என்றால் எட்டு சேர்ந்து நிற்கிறது என்று அர்த்தமாம். தீவுகள் ஒன்பது. ஒன்றுக்கு என்ன மனஸ்தாபமோ. நவுருவுக்குத் தலைநகரமே கிடையாது. அவ்வளவு சின்ன நாட்டில் தலை எது, கால் எது என்று யார் பார்ப்பது?

கம்ப்யூட்டரில் படம் போடும் முனீஸ்வரி கெட்டிக்காரி. வாய் மட்டும் நீளம். இன்று பழைய உலகப் படக் காலண்டர்களை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணாச்சி, கடைக்காரங்க பேர் போடுற பெட்டி முன்னெல்லாம் கீழ அண்டார்டிகாவுல இருந்துச்சு. மூணு வருசமா வலது ஓரத்துல, ஆஸ்திரேலியாவுக்கு மேல வருது. ஏன்?"

"கண் மட்டத்துல இருந்தாத்தான் விளம்பரம் எடுக்கும்."

"அளவுகோல் கட்டத்தையும் தூக்கி இடது ஓரத்துல வச்சிருக்கீங்க. ரெண்டுக்கும் அடியில ஒரே நாடுதான் இருக்கு. கிரிபாட்டி. அதுல பாதி இந்த ஓரம், பாதி அந்த ஓரம். ரெண்டுமே மூடிருச்சு."

"கடல்ல எங்க வேணா போடலாம். யாரு பாக்கப் போறா?" என்றேன்.

இது நான் அச்சகத்தில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்த பாடம். வேறு எந்த உள்நோக்கமும் கிடையாது. பெட்டிக்கு அடியில் நவுருவும் துவாலுவும் கூடப் போயிருக்கின்றன. அவை பாவம், ஒரு தப்பும் செய்யாதவை.

ஆகஸ்ட் 30

வீடு முழுக்கச் சாமான். பிள்ளை மருந்து, நலங்கு மாவு, கருப்பட்டி, பூண்டு, நாலு டஜன் கண்ணாடி வளையல். ஒரு நாட்டையே மூழ்கடிக்கப் போதும்.

கடைசியில் பீரோவுக்குப் பின்னாலிருந்து இந்த வருஷத்து உலகப் படக் காலண்டரை எடுத்துச் சுருட்டினாள்.

"அது எதுக்கு?"

"சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடவா போவாக? நம்ம அச்சகத்துப் பொருளு. நீங்க பார்த்துக் கையெழுத்துப் போட்டது."

வேண்டாம், முருகன் படம் கொண்டு போ என்றேன். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், உலகப் படம்தான் எல்லாருக்கும் பொது என்றாள். வேறு என்ன சொல்லித் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 4

கிளம்பிவிட்டாள். மதுரை விமான நிலையத்தில் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்த்தாள். "கேஸை மூடினீகளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 6

சோறு வைத்தேன். அடியில் கருகி, நடுவில் வெந்து, மேலே அரிசியாகவே இருந்தது. மூன்று தட்பவெப்ப மண்டலமும் ஒரே பானையில். பரோட்டாக் கடைக்குப் போனேன்.

செப்டம்பர் 9

தங்கக்கனியிடமிருந்து போன் வந்தது. விமான நிலையத்தில் கருப்பட்டியையும் பூண்டையும் பிடுங்கிக்கொண்டார்களாம். வளையல் தப்பித்துவிட்டது. போன கையோடு ஏழெட்டுப் பெண்களைக் கூப்பிட்டு வளைகாப்பும் நடத்திவிட்டாள். அந்த ஊர்ப் பெண்களுக்குக் கை பெரிது, வளையல் ஏறவில்லையாம். சோப்புப் போட்டு ஏற்றியிருக்கிறாள்.

"பரணி தங்கமான புள்ளைங்க. எங்கிட்ட ஒரு வேலை வாங்க மாட்டேங்கறாரு."

அவன் பெயர் பரனிகோ. பரணி ஆக்கிவிட்டாள். தூத்துக்குடியில் மீன்வளம் படித்தோமா, மேல்படிப்புக்குப் பிஜிக்குப் போனோமா, திரும்பி வந்தோமா என்று இல்லாமல், கூடப் படித்த ஒரு மீன்காரனைக் கட்டிக்கொண்டு அவன் ஊரிலேயே உட்கார்ந்துவிட்டாள் என் மகள். அவனைப் பற்றி எனக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

பிறகு சொன்னாள். காலண்டரை மாட்டினார்களாம். மாப்பிள்ளை தன் ஊரைத் தேடினாராம். இந்த ஓரம் தேடி, அந்த ஓரம் தேடி, கண்ணாடி போட்டுத் தேடியும் காணோமாம்.

"மதி வந்து பார்த்தா. ஒடனே சிரிச்சுட்டா. 'அப்பா பொட்டி வச்சு மூடிட்டாங்கம்மா'ன்னா. சிரிச்சுட்டு உள்ள போனா. ரொம்ப நேரம் வெளிய வரல."

லைன் சரியில்லை. வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 10

லீவு. தலைவலி.

செப்டம்பர் 15

சுவர்ப்படத்துக்கு உலகத்தை எங்கே வெட்டுவது என்று சண்டை. வழக்கமாக பசிபிக் கடலை இரண்டாகக் கிழித்து இரண்டு ஓரத்திலும் போடுவோம். அப்படிச் செய்தால் தீவு நாடுகள் துண்டாகிப் போகும். பசிபிக்கை நடுவில் வைக்கலாம் என்றேன்.

முதலாளி பதறிவிட்டார். "அண்ணாச்சி, அப்ப இந்தியா?"

"இடது ஓரத்துக்குப் போகும்."

"கட்டிங்ல போயிருமே!"

"போகாது. கொஞ்சம் ஒட்டினாப்புல இருக்கும். அவ்வளவுதான்."

"நம்ம ஊரை ஓரமாப் போட்டு நாமளே அச்சடிக்கணுமா?"

ஓரத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நாமும் ஒரு தடவை பார்க்கலாமே என்றேன். முதலாளி என்னை விசித்திரமாகப் பார்த்தார். லட்டு தலைக்கு ஏறிவிட்டதோ என்று நினைத்திருப்பார்.

செப்டம்பர் 27

வேலை ஜோராகப் போகிறது. எந்த நாட்டையும் விட முடியாது என்பதற்காகத்தான் கிரிபாட்டியையும் போடுகிறேன். முப்பத்துமூன்று தீவு. நிலம் எல்லாம் சேர்த்தால் நம் விருதுநகர் மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு தேறாது. ஆனால் அது பரவியிருக்கும் கடல் இந்தியா அளவு இருக்கும். உயரமே இல்லாத மண். நடுவில் தண்ணீரை வைத்துக்கொண்டு, கடித்துவைத்த முறுக்கு மாதிரி வளைந்து கிடக்கிறது ஒவ்வொன்றும். தலைநகரம் தராவா. முறுக்கில் பெரிய துண்டு.

ஒரு விஷயம் எனக்கு இதுவரை தெரியாது. தேதிக்கோடு அந்த நாட்டுக்காக வளைந்து போகிறது. உலகத்தில் எந்த நாளும் முதலில் பிறப்பது அவர்களுடைய கிழக்குத் தீவில்தான். சிவகாசியில் நாங்கள் தினசரிக் காலண்டர் அடித்து அடித்துச் சாகிறோம். அதில் முதல் தாளைக் கிழிக்கிற உரிமை அந்த ஊர்க்காரனுக்கு. மீன்காரனுக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்.

முனீஸ்வரி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஜப்பானுக்கு நாலு ஊர் பேரு. கிரிபாட்டிக்கு முப்பத்திமூணும் போட்டிருக்கீங்க. தனிக் கட்டம் வேற. தராவாவுல ரோடெல்லாம் வருது."

"பரீட்சையில கேப்பான்."

"ரோட்டையா?"

வாய் நீளம் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 7

தங்கக்கனி பேசினாள். முந்தாநாள் கடல் பொங்கி வாசல் வரைக்கும் வந்துவிட்டதாம். கிணற்றில் உப்பு இறங்கிவிட்டது. மாப்பிள்ளை மணல் மூட்டை அடுக்குகிறார். மதி கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மீன் வீட்டுக்கே வருது, வலை தேவையில்லை என்று கிண்டல் பண்ணுகிறாளாம்.

"நீங்க வாரீகளான்னு கேக்கச் சொன்னா" என்றாள்.

"அவளே கேட்டாளா?"

"பின்ன நானா கேக்கறேன்? நான் எதுக்கு உங்களைக் கேக்கணும்? நீங்க இல்லாம நிம்மதியா இருக்கேன்."

கடல் மட்டத்திலிருந்து இரண்டு, மூன்று மீட்டர். நான்தான் படத்தின் ஓரத்தில் எழுதினேன். எழுதும்போது அது வெறும் நம்பர். இப்போது என் மகள் கட்டிலின் உயரத்தை அதோடு கூட்டிப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது. டைரியில் எழுதினால் கோபம்தான் குறையுமாம். பயத்துக்கு டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 14

சுவர்ப்படம் முடிந்தது. கடைசி ப்ரூஃபில் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்று பல்வலி. லீவு போட்டு மதுரைக்குப் போனேன். கூட்டமான பல் டாக்டர். டோக்கன் போட்டு மூன்று கவுண்டரில் உட்கார வைத்தார்கள். ஆதார் கேட்டார்கள். பத்து விரலுக்கும் ரேகை எடுத்தார்கள். வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார வைத்து, சிரிக்கக் கூடாது என்று சொல்லிப் போட்டோவும் எடுத்தார்கள்.

பல் இப்போது பரவாயில்லை.

அக்டோபர் 16

டாக்டர் மன்னிக்க வேண்டும். இன்று கத்திவிட்டேன்.

காலையில் அச்சகத்துக்குள் நுழைந்தால், சுவர்ப்படம் அச்சாகி ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. மேல் தாளை எடுத்து விரித்தேன். பசிபிக் கடலின் நட்டநடுவில் ஒரு முகம். வழுக்கைத் தலை, மீசை, கோட்டு, டை. படம் கேட்ட சேலம் பள்ளிக்கூடத் தாளாளராம். நான் பல் டாக்டரிடம் போன அன்று அவர் போன் பண்ணி, தன் படம் நன்றாகத் தெரிகிற மாதிரி வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நடுவில் நல்ல நீலமாக இடம் காலியாகக் கிடக்கிறதே என்று முதலாளியே உட்கார்ந்து வைத்திருக்கிறார். முனீஸ்வரி தடுத்தாளாம். கேட்கவில்லை.

கிரிபாட்டி போயே போய்விட்டது. ஒரு காதுக்கு அடியில் மேற்குத் தீவுகள், மறு காதுக்கு அடியில் கிழக்குத் தீவுகள். தராவா சரியாக மீசைக்குள் இருந்தது.

"மொதலாளி, இதை அனுப்ப முடியாது" என்றேன்.

"ஏன் அண்ணாச்சி? மொகம் நல்லாத்தானே விழுந்திருக்கு?"

"அடியில நாடு இருக்கு."

"என்ன நாடு? நீங்கதானே எப்பவும் சொல்லுவீங்க, கடல்ல எங்க வேணா போடலாம், யாரு பாக்கப் போறான்னு!"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. பணிவாக, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"என் மக இருக்கா மொதலாளி அங்க! நெறமாசமா இருக்கா! இந்தாளு மீசைக்கு அடியில இருக்கா!"

கட்டிங் மெஷினை நிறுத்திவிட்டார்கள். காலண்டர் விளிம்பில் தகரம் அடிக்கிற பெண்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். முதலாளி என் தோளைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"மக சிங்கப்பூர்ல இல்ல இருக்கா?"

"இல்ல."

"மூணு வருசமா?"

"மூணு வருசமாவும் இல்ல."

முனீஸ்வரி பழைய காலண்டர் மாட்டியிருந்த சுவரைப் பார்த்தாள், அந்தப் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பேசியிருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

திரும்ப அச்சடிக்க முடியாது என்றார் முதலாளி. பேப்பர் இல்லை, சீசன் நேரம், மெஷின் ஓய்வில்லை. அது எனக்கே தெரியும். முனீஸ்வரிதான் சொன்னாள்: "ஒட்டு போட்டுருவோம்."

காலண்டரில் போன் நம்பர் தப்பாக விழுந்தால் மேலே சின்னதாக ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் வழக்கம். இதில் ஒட்ட வேண்டியது ஒரு நாடு. சற்றுப் பெரிய ஸ்டிக்கர்.

ஆனால் தாளாளர்? நானே போன் பண்ணினேன்.

"ஐயா, உங்க படத்தை எடம் மாத்தலாம்னு இருக்கோம்."

"எங்க?"

"அண்டார்டிகாவுக்கு."

தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"அங்க நல்லாத் தெரியுமா?" என்றார்.

"கண்டம் முழுக்க வெள்ளை ஐயா. பின்னணியில ஒரு அழுக்கு இல்ல. மொகம் பளிச்சுனு இருக்கும். வேற ஆளே கிடையாது."

"அப்ப அங்கயே வைங்க" என்றார் மகிழ்ச்சியாக.

அக்டோபர் 18

நாள் முழுக்க ஒட்டினோம். தகரம் அடிக்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி நடுவில் கடலை ஒட்டினால் அடுத்தவள் கீழே தாளாளரை ஒட்டினாள். நானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முட்டி போய்விட்டது.

"அண்ணாச்சி, இந்தக் கிரிபட்டி கோயில்பட்டிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"மருமகன் என்ன வேலை பாக்காக?"

"மீன் வளக்காரு."

"சாப்பாட்டுக்குப் பஞ்சமில்ல" என்றாள் இன்னொருத்தி. அவ்வளவுதான். மூன்று வருஷமாக நான் பயந்து செத்த கேள்விகள் இவைதான். பதில் சொல்லி முடிப்பதற்குள் டீ வந்துவிட்டது.

அக்டோபர் 24

பேத்தி. மூன்று கிலோ. தாயும் பிள்ளையும் சுகம்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. தங்கக்கனிதான் என்று எடுத்து, "சொல்லு கனி" என்றேன்.

"நான்தான்பா" என்றாள் மதி.

கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன்.

"பொட்டிக்கு அடியில எல்லாரும் சௌக்கியம்பா" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. சிரிப்பை அவள் கஷ்டப்பட்டுப் பிடித்து வைத்திருந்ததும் தெரிந்தது.

"ம்" என்றேன். மூன்று வருஷம் கழித்து மகளிடம் பேசிய முதல் வார்த்தை. ப்ரூஃப் பார்த்து வைத்திருந்தால் இதைவிட நல்லதாக ஒன்று சொல்லியிருக்கலாம்.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன். வலி அதிகமா இருந்துச்சாம்மா?"

இரண்டு பேரும் அழுதோம். தட்டில் ரசம் சாதம் இருந்தது. சாப்பிடவில்லை.

அக்டோபர் 31

மதுரைப் பல் டாக்டரிடமிருந்து தபாலில் பாஸ்போர்ட் வந்துவிட்டது.

நவம்பர் 10

நாளை கிளம்புகிறேன். முதலாளி லட்டு டப்பா ஒன்று கொடுத்தார், சம்பந்தி வீட்டுக்காம். முனீஸ்வரி ஒரு கவர் கொடுத்தாள். உள்ளே மிச்சமிருந்த ஸ்டிக்கர் ஒன்று.

"எதுக்கு?"

"அங்க ஒரு காலண்டர் மாட்டியிருக்குல்ல அண்ணாச்சி" என்றாள்.

நவம்பர் 15, தராவா

இந்த நாடு இருக்கிறது. நேற்று நேரில் பார்த்தேன்.

விமானம் இறங்கும்போது ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். நான் போட்ட வளைவு சரி. ஆனால் நான் போட்டதைவிட ரொம்ப ஒல்லி. இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் ஒரு கடல், நடுவில் ஒரு ரோடும் கொஞ்சம் தென்னையும். இதன்மேல் ஜவுளிக்கடைப் பெயரை வைக்க ஒருத்தனுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.

வெளியே கதவு அகலத்துக்கு ஒருத்தர் நின்றார். பூவைக் கழுத்தில் போடாமல் என் தலையில் கிரீடம் மாதிரி வைத்தார். பிறகு பாடம் பண்ணி வைத்திருந்த தமிழில், "வாங்க மாமா. பிரஷர் மாத்திரை போட்டீகளா?" என்று கேட்டார். யார் சொல்லிக் கொடுத்தது என்று விசாரிக்கத் தேவையில்லை. போடவில்லை மாப்பிள்ளை என்றேன்.

மதி இளைத்திருக்கிறாள். தங்கக்கனி பெருத்திருக்கிறாள். பேத்தியை மடியில் வைத்த உடனே வேட்டி நனைந்தது. கடல் மட்டம் உயர்கிறது என்று எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், மடியில் வாங்குவது இதுவே முதல் தடவை.

காலண்டர் மதியின் கட்டிலுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. பெட்டிக்கு மேல், ஜவுளிக்கடைப் பெயருக்கு நடுவே, யாரோ பேனாவால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள். பேனாவை வைத்து வைத்து அழுத்திய புள்ளி. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

இன்று காலை எல்லோரும் வேலையாக இருந்தபோது, பையிலிருந்து கவரை எடுத்தேன். ஸ்டிக்கர் சுவர்ப்படத்துக்கு அடித்தது, காலண்டருக்கு ரொம்பப் பெரிது. எப்படி வைத்துப் பார்த்தாலும் ஒரு பக்கம் வெளியே தொங்கியது. ஒரே அழுத்தாக ஒட்டிவிட்டுத் திரும்பினால், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மதி பின்னால் நிற்கிறாள்.

"கோணலா இருக்குப்பா."

"ம்."

"ஆஸ்திரேலியா பாதியைக் காணோம்."

"அது தீவா கண்டமான்னே இன்னும் முடிவாகல. கெடக்கட்டும்."

கொஞ்சம் பக்கத்தில் வந்து பார்த்தாள். விரலால் தடவி, முப்பத்துமூன்று பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். தராவாவில் அவர்கள் வீட்டு ரோடு வரைக்கும் வந்திருந்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே விரலை வைத்திருந்தாள்.

"எடுத்து நேரா ஒட்டலாம்னா முடியாது. நம்ம அச்சகத்துப் பசை. இனி பிரிச்சா சுவரோடதான் வரும்" என்றேன்.

"யாரு பிரிக்கச் சொன்னா?" என்றாள்.